வளவு வீடுகளில் தியான முகாம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி

மதிப்பிற்குரிய ஐயாமாருக்கும் ஆச்சிமாருக்கும், முகாம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நம் பக்கத்து வளவு வீடுகள், அதாவது நடுவில் முற்றம் வைத்த பெரிய பழைய வீடுகள், சிலவற்றில் இப்போது தியான முகாம் நடக்கிறது. பொங்கலுக்கும், முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் மட்டும் திறந்து மூடிய வளவுகளில் சனி ஞாயிறு ஆனால் ஆள் நடமாட்டம் தெரிகிறது. பங்காளிகளுக்குள் பணம் சேராமல் மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஓட்டுக் கூரைகள் சரியாகின்றன. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அப்படி ஒரு முகாமில் நான் மூன்று நாள் தங்கினேன். அங்கே பார்த்த ஒன்று நான்கு மாதமாகியும் மனசை விட்டுப் போகவில்லை. எந்த வீடு, எந்த அமைப்பு என்று எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு முழுக்க அந்த வீட்டைப் பற்றியதாகிவிடும். நான் கேட்பது உங்கள் எல்லோரிடமும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆத்தங்குடியில், தரைக்குப் பதிக்கிற பூக்கல் போட்ட ஒரு தொழிலாளியின் மகள். கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, அதன் கட்டங்களுக்குள் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஒவ்வொரு நிறமாக அப்பா ஊற்றுவார். கை நடுங்காமல் அச்சைத் தூக்கி எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் தூவி, அதற்கு மேல் கலவை பூசிக் காயவைப்பார். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினால் பூ தெரியும். சூளை கிடையாது, மெருகு கிடையாது. அந்தக் கண்ணாடியின் வழவழப்புத்தான் கல்லுக்கு வருகிறது. உங்கள் முகாமுக்கு வருகிறவர்கள் பாய் விரித்து உட்காரும் தரையில் அப்பா கை பட்ட கல்லும் இருக்கலாம். இதை முகாமில் ஒருவரிடம் சொன்னபோது, “உங்க அப்பா செஞ்சதே பெரிய தியானம்தானே” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அது கூலி வேலை. கவனம் சிதறினால் கல் பாழாகும், அன்றைய கூலியில் பிடிப்பார்கள். சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். அதற்குத் தியானம் என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்பா கறுப்புச் சட்டைக்காரர். அம்மா சதுர்த்தி தவறாமல் பிள்ளையார்பட்டி போவார். இருவரும் ஒரே வீட்டில் நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தினார்கள். நான் அப்பா பக்கம். சாமி நம்பிக்கை கிடையாது. கும்பிடுகிறவர்களோடு சண்டையும் கிடையாது.

பக்கத்து ஊரில் ஒரு வங்கிக் கிளையில் நகைக்கடன் பிரிவில் இருக்கிறேன். இந்த வேலையில் என்ன டென்ஷன் என்று கேட்பார்கள். கெடு தாண்டிய நகைகளுக்கு ஏல நோட்டீஸ் அனுப்புவது என் பொறுப்பு. பட்டியலில் வருகிற பேரில் பாதிப் பேர் தெரிந்தவர்கள். என்னோடு எட்டாவது படித்தவள், அப்பாவோடு கல் போட்டவரின் மகன், எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கிற அக்கா. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால், ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அந்தப் பேர்கள் வரிசையாக ஓடும். ஐந்து மணிக்கு எழுந்து அரிசி களையும்போது நெஞ்சில் ஒரு கல் வைத்த மாதிரி இருக்கும். ஒருநாள் கவுண்டரில் மயக்கம் வந்தது. ரத்த அழுத்தம் 160-க்கு 100. ஈசிஜி சரியாக இருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “டென்ஷனைக் குறைங்கம்மா. பிள்ளையார்பட்டியோ குன்றக்குடியோ போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வாங்க” என்றார்.

போனேன். குடைவரைக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். குளிர்ச்சியாக இருந்தது. பக்கத்தில் ஒரு வயதான அம்மா கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முகம் தெளிந்திருந்தது. அவர் பாரத்தை ஓரிடத்தில் இறக்கி வைத்துவிட்டார் என்று தெரிந்தது. வாங்கிக்கொள்ள ஆள் உண்டு என்று நம்புகிறவர் இறக்கி வைக்கலாம். நம்பாதவர் எங்கே இறக்குவது? இந்தக் கேள்வியோடுதான் தியானத்தைத் தேடிப் போனேன். உங்களிடம் வருகிறவர்களில் என்னைப் போன்றவர்கள் பலர் இருப்பார்கள். அவர்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

நான் முதலில் போனது பத்து நாள் விபாசனா தியான வகுப்புக்கு, வெளியூரில். கட்டணம் எதுவும் கேட்கவில்லை. படித்து முடித்தவர்கள் தருகிற நன்கொடையில்தான் நடக்கிறது. காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். நாலரைக்கு முதல் அமர்வு. பதினொரு மணிக்குச் சாப்பாடு. புதியவர்களுக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு டீயும் பழமும் உண்டு. அவ்வளவுதான், ராத்திரிச் சாப்பாடு கிடையாது. போனை வாங்கி வைத்துவிடுவார்கள். பேசக் கூடாது, படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, அடுத்தவர் முகத்தைப் பார்த்துச் சாடை காட்டக்கூடக் கூடாது. முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சு வந்து போவதைக் கவனிப்பது மட்டுமே வேலை. நான்காம் நாளிலிருந்து உடம்பில் உச்சி முதல் பாதம் வரை எங்கே என்ன உணர்ச்சி என்று பார்த்துக்கொண்டே போகவேண்டும்.

அங்கேயும் மதத்தின் சாயல் இல்லாமல் இல்லை. தொடக்கத்தில் புத்தம் சரணம் சொல்லவேண்டும். பாலி மொழியில் ஓதுவார்கள். சாயங்காலச் சொற்பொழிவில் மறுபிறவிப் பேச்சு வரும். எனக்கு அது ஒட்டவில்லை. ஆனால் ஒட்டாததை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்யலாம் என்று ஆசிரியரே சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் பத்து நாளும் இருந்தேன்.

ஆறாம் நாள் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரும் அமர்வு. நாற்பதாவது நிமிஷத்தில் வலது முட்டி எரிகிறது. அசையக் கூடாது. அந்த எரிச்சலோடு சேர்ந்து அந்தப் பட்டியல் வந்தது. இட்லிக் கடை அக்காவின் பேர் வந்தது, அவர் அடகு வைத்த இரண்டு வளையல், அதில் ஒன்று லேசாக நசுங்கியிருக்கும், அது வந்தது. வழக்கமாக ராத்திரி மூன்று மணிக்கு வருகிற அதே வேகத்தில் வந்தது. ஆனால் அன்றைக்கு நான் எழுந்து அடுப்படிக்குப் போக முடியாது, போனை எடுக்க முடியாது. உட்கார்ந்தே இருந்தேன். நெஞ்சுக்கூட்டுக்கு நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு இறுக்கம். பார்த்துக்கொண்டே இருந்தேன். அது பெரிதானது, கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தது, சூடானது, அப்புறம் மெல்லக் கரைந்து போனது. வளையல் அப்படியே நினைவில் இருந்தது. இறுக்கம் மட்டும் இல்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்று எனக்கு நாற்பத்தொன்பது வயதில் அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. நானும் இறக்கி வைக்கவில்லை. ஆனாலும் கனம் குறைந்தது.

ஊருக்குத் திரும்பியதும் மூன்று வாரம் நன்றாகத் தூங்கினேன். அப்புறம் பழையபடி விழிப்பு வந்தது. காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லி அனுப்பினார்கள். எனக்கு இருபது நிமிஷம்தான் முடிகிறது. அந்த இருபது நிமிஷத்தில் மிச்சமாக நிற்பது இதுதான்: மண்டல அலுவலகத்திலிருந்து போன் வந்தால், எடுப்பதற்கு முன்னாலேயே என் தாடை இறுகுவது தெரிகிறது. தெரிந்தால் தளர்த்த முடிகிறது. ரத்த அழுத்த மாத்திரை இன்னமும் சாப்பிடுகிறேன். டாக்டர் சொல்லாமல் நிறுத்தமாட்டேன். ஏல நோட்டீஸ் அனுப்புவதும் நிற்கவில்லை. ஆனால் அனுப்புவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு, வட்டியை மட்டுமாவது கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று கேட்க எனக்கு இப்போது தெம்பு இருக்கிறது. முன்பெல்லாம் அந்தக் குரலைக் கேட்கப் பயந்து போன் செய்யாமலே இருந்துவிடுவேன்.

இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று பின்னால் தேடிப் படித்தேன். பர்மாவிலிருந்து. உங்கள் பட்டாலையில், அந்த முன்கூடத்தில், நிற்கிற தேக்குத் தூண்கள் வந்த அதே பர்மா. அதைப் பரப்பிய கோயங்கா 1924-இல் மாண்டலேயில் பிறந்தவர், வியாபாரக் குடும்பம், இந்து. கடுமையான ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளும் நிலையில் இருந்தவர். 1955-இல் ரங்கூனில் ஊ பா கின் என்பவரிடம் போனார். ஊ பா கின் துறவி இல்லை. பர்மா அரசின் தலைமைக் கணக்காயராக இருந்த அதிகாரி. கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு இதைப் படித்ததும் ஒரு நெருக்கம் வந்தது. பௌத்தராக மாற்றிவிடுவார்களோ என்ற பயம் கோயங்காவுக்கும் இருந்திருக்கிறது. 1969-இல் இந்தியாவுக்கு வந்து வகுப்பு நடத்தத் தொடங்கினார்; 1976-இல் மகாராஷ்டிராவின் இகத்புரியில் நிலையம் வந்தது. கொண்டுவிற்கப் பர்மா போன நம் ஊர்க்காரர்கள் தேக்கைக் கொண்டுவந்தார்கள், மங்குப் பாத்திரங்கள் கொண்டுவந்தார்கள். இது வேறொரு வழியாக, ரொம்பச் சுற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

மதத்தை எடுத்துவிட்டால் தியானம் வெறும் சக்கை என்று முகாமில் ஒரு பெரியவர் சொன்னார். அவர் நம்பிக்கை அது. ஆனால் 1979-இலேயே அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின் என்பவர் இதைச் செய்து பார்த்துவிட்டார். தீராத வலியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்குப் பயிற்சி; இன்றைக்கு அது எட்டு வாரம் நடக்கிறது. வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினம் பயிற்சி, நடுவில் ஒரு முழுநாள் மௌனம். படம் இல்லை, சரணம் இல்லை. இன்றைக்கு உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் நடப்பது அதன் வழியில்தான்.

பலன் உண்டா? உண்டு, அளவோடு உண்டு. 2014-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 47 சோதனைகளை, அவற்றில் இருந்த 3,515 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றும் ஓரளவு குறைவதற்கு மிதமான ஆதாரம் இருக்கிறது என்றார்கள். உடற்பயிற்சியை விட, மருந்தை விட இது மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் அதே கட்டுரையில் எழுதினார்கள். 2022-இல் பதற்ற நோய் உள்ள 276 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு அந்த எட்டு வாரப் பயிற்சியும் மறுபாதிக்குப் பதற்றத்துக்குக் கொடுக்கிற எஸ்சிடாலோபிராம் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி மாத்திரைக்குக் குறைந்து போகவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 2016-இல் வந்த இன்னொன்று. கலிபோர்னியாவில் ஒரே விடுதியில் ஆறு நாள். சில பெண்கள் தியான முகாமில் சேர்ந்தார்கள். சிலர் வெறுமனே விடுமுறைக்கு வந்தவர்களாகத் தங்கினார்கள். ஆறாம் நாள் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருந்தது. வேலையை விட்டு, வீட்டை விட்டு, சமையலை விட்டு ஆறு நாள் இருந்தாலே பாதிச் சுமை இறங்கிவிடுகிறது. பழனிக்குப் பாதயாத்திரை போய்வந்தால் அம்மா இப்படித்தான் சொல்வார், நடையிலேயே பாதி போய்விடும் என்று. வேறுபாடு பத்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது. முகாமில் புதிதாகத் தியானம் கற்றவர்களுக்கு மனச்சோர்வு, விடுமுறைக்கு வந்தவர்களை விடக் குறைவாகவே இருந்தது.

ஆகவே முகாம் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் பயன்படும். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. நான் தயங்குவது முகாம் நடக்கிற விதத்தைப் பார்த்து.

இனி உங்கள் பக்கத்து முகாம் விஷயத்துக்கு வருகிறேன். அறிவிப்பில் “எம்மதமும் சம்மதம், மதச்சார்பற்ற மன அமைதிப் பயிற்சி” என்று போட்டிருந்தது. மூன்று நாளைக்குப் பதினெட்டாயிரம் ரூபாய். வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே, விட்டுப்போன பழக்கத்தைத் திரும்பப் பிடிக்கலாமே என்று கட்டினேன். முதல் நாள் காலை ஐந்தரைக்கு வளவில் கணபதி ஹோமம். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கோத்திரமும் நட்சத்திரமும் சொல்லவேண்டும். எனக்குக் கோத்திரம் தெரியாது. இளையான்குடியிலிருந்து ஒரு முஸ்லிம் சகோதரி வந்திருந்தார். அவர் எழுந்து தூணோரமாக நின்றுகொண்டார், புகை கண்ணில் பட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவரும் அதே பணம் கட்டியவர்தான். ஹோமம் முடிந்து குருவின் பாதுகைக்கு நமஸ்காரம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சேவைக்கு இருந்த பெண் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “ஈகோவை விடணும்மா, அப்பத்தான் உள்ளே போக முடியும்.”

நான் நம்பாத ஒன்றைக் கும்பிடாமல் நிற்பது நாணயம். அதை ஈகோ என்று சொல்லாதீர்கள். இந்த ஊருக்கு நாணயம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. உண்டியல் என்ற பணச் சீட்டில் ஒரு கையெழுத்தை நம்பி ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் பணம் கைமாறிய ஊர் இது.

ஹோமம் கூடாது என்று நான் கேட்கவில்லை. கோவிலூர் மடத்துக்கு வேதாந்தம் படிக்கப் போகிறவருக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று தெரியும். குன்றக்குடிக்குக் காவடி எடுக்கிறவருக்கும் தெரியும். வாசலிலேயே பேர் எழுதியிருக்கிறது. உங்கள் வாசலிலும் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். காலையில் ஹோமம் உண்டு, விரும்புகிறவர்கள் வரலாம், மற்றவர்கள் ஆறரைக்கு நேரே மூச்சுப் பயிற்சிக்கு வந்தால் போதும் என்று அறிவிப்பிலேயே ஒரு வரி போடுங்கள். போட்டால் யாரும் ஏமாந்தோம் என்று நினைக்க மாட்டார்கள். ஹோமத்துக்கு ஆசைப்பட்டு வருகிறவர்களும் வருவார்கள்.

இதுவரை சொன்னது மனத்தாங்கல். இனிச் சொல்லப்போவது அப்படி இல்லை.

இரண்டாம் நாள் காலை பத்தரை இருக்கும். தண்ணீர் குடிக்க இரண்டாம் கட்டுக்குப் போனேன். அங்கே ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயது. நம் பக்கத்துப் பையன்தான், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. முதல் நாளே கவனித்திருந்தேன், எல்லோரும் கண் மூடியிருக்கும்போது அவர் மட்டும் திறந்து திறந்து பார்ப்பார். கையில் எவர்சில்வர் டம்ளரில் நீர்மோர். டம்ளர் நடுங்கி மோர் வேட்டியில் சிந்திக்கொண்டிருந்தது, அது அவருக்குத் தெரியவில்லை. வலது கால் பெருவிரலால் தரையில் இருக்கிற பூவின் ஒரே இதழைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், விடாமல். மௌனம் என்று சொல்லியிருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, “என்ன தம்பி செய்யுது?” என்று கேட்டேன்.

“நெஞ்சுக்குள்ள யாரோ ஓடுற மாதிரி இருக்குக்கா. ராத்திரி பூரா தூங்கலை. கண்ணை மூடினா பயமா இருக்கு.”

பொறுப்பாளரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லியிருக்கிறார். பழைய கர்மா கரைகிறது, நல்ல அறிகுறி, போய் உட்காருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு என்னவோ தோன்றி, மாத்திரை எதுவும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். ஒரு வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். போன வாரம் அவராகவே நிறுத்திவிட்டார். தியானம் கற்றுக்கொள்ளப் போகிறோமே, இனி எதற்கு மாத்திரை என்று.

போன்கள் எல்லாம் ஒரு பெட்டகத்தில் பூட்டியிருந்தன. சாவி வைத்திருந்தவர் காரைக்குடிக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தார். அவர் வர நாற்பது நிமிஷம் ஆனது. அந்த நாற்பது நிமிஷமும் நான் அந்தத் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊருணியில் மீன் பிடித்த கதை, காலேஜ் கதை என்று ஏதேதோ பேசவைத்தேன். கண்ணை மூடாதீர்கள், அந்தத் தூணைப் பாருங்கள், காலைத் தரையில் அழுத்தி வையுங்கள் என்று எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். எனக்கு இதில் ஒரு பயிற்சியும் கிடையாது. போன் வந்ததும் அவர் அம்மாவைக் கூப்பிட்டோம், கார் வைத்து வந்து அழைத்துப் போனார்கள், அவர் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார். இதை எழுதிக்கொள்ளவும் சம்மதம் தந்தார்.

அந்தப் பொறுப்பாளர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரியவில்லை, தெரியவைக்க யாரும் இல்லை. தியானம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும் என்பது புதுச் செய்தி கிடையாது. 2020-இல் 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் ஏதோ ஒரு பாதகம் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் பதற்றம், மனச்சோர்வு. எதைக் குறைக்கப் போனார்களோ அதுவே கூடியிருக்கிறது. முப்பது பேர் முகாம் என்றால் இரண்டு பேர் அப்படி இருக்கலாம் என்று கணக்குப் போட்டு நீங்கள் தயாராக இருக்கவேண்டும். நான் போன பத்து நாள் வகுப்பில், சேருவதற்கு முன்னாலேயே படிவத்தில் மனநலச் சிகிச்சை எடுத்ததுண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். உங்கள் பக்கத்து முகாமில் என்னிடம் கேட்டது சாப்பாட்டில் வெங்காயம் பூண்டு சேர்க்கலாமா என்பது மட்டும்தான்.

அதனால் முதலில் அந்தப் படிவம். ஒரு பக்கம் போதும். மனநல மாத்திரை சாப்பிடுகிறாரா, அண்மையில் வீட்டில் சாவோ பெரிய அதிர்ச்சியோ நடந்ததா, முன்பு தியானத்தில் பயமோ குழப்பமோ வந்ததுண்டா. ஆம் என்று சொல்பவரைத் திருப்பி அனுப்பவேண்டும் என்பதில்லை. அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். எந்த மாத்திரையையும் முகாமுக்காக நிறுத்தாதீர்கள் என்று முதல் நாள் எல்லோர் முன்னாலும் உரக்கச் சொல்லுங்கள். போன் பெட்டியின் சாவி எந்நேரமும் வீட்டுக்குள் ஒருவரிடம் இருக்கட்டும். கூப்பிட்டால் வருகிற டாக்டர் ஒருவரைப் பேசி வையுங்கள். முகப்பில் 14416 என்று எழுதி ஒட்டுங்கள். அது அரசாங்கத்தின் டெலி-மானஸ் எண், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். உட்கார முடியாதவருக்குக் கண்ணைத் திறந்து வளவைச் சுற்றி நடக்க அனுமதி கொடுங்கள். நடப்பதற்கு அதைவிட நல்ல இடம் எங்கே இருக்கிறது. பயந்து போய் வந்து நிற்கிறவரிடம் கர்மா என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். நம்புகிறவருக்கு அது குற்ற உணர்ச்சி. நம்பாதவருக்கு, இங்கே என் பேச்சு எடுபடாது என்று சொல்லிக் கதவைச் சாத்தியது மாதிரி.

மூன்று நாளில் மன அழுத்தம் தீரும் என்று போடுவதையும் நிறுத்திவிடுங்கள். தீராது. என் வேலை மாறவில்லை, பட்டியல் மாறவில்லை. மூன்று நாளில் ஒரு பழக்கத்தின் ருசியைக் காட்டலாம், அதற்கே உங்களுக்கு நன்றி சொல்லலாம். ஆனால் ருசி காட்டிய கையோடு வழியனுப்பிவிட்டால் இரண்டே வாரத்தில் அது போய்விடும். எனக்கே மூன்று வாரம்தான் தாங்கியது. ஆகவே முகாம் முடிந்தவர்கள் வாரம் ஒருமுறை கூடி உட்கார ஓர் இடம் வேண்டும். மனவளக்கலை மன்றங்கள் இதை ஊருக்கு ஊர் செய்துகொண்டிருக்கின்றன. கூடுவாஞ்சேரி நெசவாளர் வீட்டுப் பிள்ளையான வேதாத்திரி மகரிஷி தொடங்கியது, குடும்பஸ்தர்களுக்கென்றே. அங்கே குரு வணக்கம் உண்டு, அது ஒத்துவருகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஒத்துவராதவர்களுக்கும் ஓர் அறை இருந்தால் நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை முதல் ஏழரை வரை, படம் இல்லாமல், காசு இல்லாமல், பேச்சு இல்லாமல். காரைக்குடியில் ஒரு மாடி அறை கிடைத்தால் கூட்டிப் பெருக்கிப் பாய் விரிக்கிற வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

பணம் பற்றி ஒரே ஒரு வார்த்தை. பதினெட்டாயிரம் கட்டுகிறவர்கள் கட்டட்டும், அந்தப் பணத்தில்தான் வீடு நிற்கிறது. ஆனால் முகாமில் எங்களுக்குச் சமைத்துப் போட்ட அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் மகளுக்கு அந்த மாதம் டயாலிசிஸ். அவரை விட அழுத்தத்தில் இருந்தவர் அந்த வளவில் யாரும் இல்லை. அவர் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மாதத்தில் ஒருநாள், வேலை செய்கிறவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் கட்டணமில்லாமல் கதவைத் திறந்து வைக்க உங்களால் முடியும். அந்த வீடுகளில் ஊரே உட்கார்ந்து சாப்பிட்ட கல்யாணங்கள் நடந்திருக்கின்றன.

உங்கள் அடுத்த அறிவிப்பு வரும்போது அந்தப் படிவத்தைத்தான் முதலில் தேடுவேன். இருந்தால் எங்கள் கிளையிலிருந்து இரண்டு பேர் வரத் தயாராக இருக்கிறார்கள். ஒருவர் செவ்வாய் வெள்ளி தவறாமல் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போகிறவர். இன்னொருவர் என்னைப் போல.

இப்படிக்கு,
ஆத்தங்குடி பூக்கல் தொழிலாளி ஒருவரின் மகள்